பெத்தி பெய்சான்: பியேர் செய்தது சரியா?

திரைப்பித்தன்: 2017-ல் வந்த இந்தப் பிரெஞ்சுப் படத்தை நேற்றுதான் பார்த்தேன். சுமார் 30 கறவை மாடு வைத்திருக்கும் இளைஞன் பியேர். ஒரு மாட்டுக்குக் கொள்ளைநோய் வருகிறது. வெளியே தெரிந்தால் மொத்த மந்தையையும் கொன்றுவிடுவார்கள் என்று அதை மட்டும் கொன்று மறைக்கிறான். எல்லோரும் உருகி உருகி எழுதுகிறீர்கள். நோயை மறைத்தால் பக்கத்துப் பண்ணைக்காரன் கதி? கூடப்பிறந்தவளே கால்நடை மருத்துவர், அவளிடம்கூட முதலில் வாய் திறக்கவில்லை.

செவலைக்காளை: சொன்னால் அவள் சும்மா இருக்க முடியுமா அண்ணா? தெரிவிப்பது அவள் கடமை. ஆரம்பக் கனவை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் எங்கு பார்த்தாலும் மாடு, தன் சமையலறையிலேயே அவற்றை ஒதுக்கிக்கொண்டு நடக்கிறான். அப்புறம் கன்றைக் கூடத்துக்கே கொண்டுவந்து வைத்துக்கொள்கிறான். அவனிடம் போய் 'நஷ்டஈடு வரும்' என்றால்? பெல்ஜியத்தில் மந்தையைப் பறிகொடுத்துவிட்டு வீடியோவில் புலம்பும் ஆளையும் அவன் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான்.

திரைப்பித்தன்: பியேராக ஸ்வான் ஆர்லோ அசத்தியிருக்கிறார், பிரான்சின் சீசர் திரைப்பட விருது சும்மா கிடைக்கவில்லை. அதுதான் என் புகாரே. நடிப்பைக் காட்டி நம்மைக் குற்றத்துக்கு உடந்தையாக்குகிறார் டைரக்டர்.

மாட்டுவைத்தியன்: இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். படத்தில் வரும் நோய் கற்பனை, பயம் கற்பனை இல்லை. பைத்தியமாட்டு நோய்க் காலத்தில் பிரான்சில் ஒரு மாட்டுக்கு வந்தாலே மந்தை முழுக்கக் கொன்றார்கள். டைரக்டர் யூபேர் ஷாருயெல் பால்பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை, அந்தப் பயத்தோடு வளர்ந்தவர். படம் எடுத்ததும் ஓத்-மார்ன் மாவட்டத்தில் பெற்றோரின் பண்ணையில்தான். 2025-ல் பிரான்சில் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்தபோதும் அதே விதி. டிசம்பரில் தெற்கே அரியேஜ் பக்கம் விவசாயிகள் அதை எதிர்த்து மறியலே செய்தார்கள்.

செவலைக்காளை: அதைத்தான் கேட்கிறேன். கழலைக்குத் தடுப்பூசி இருக்கிறது. நன்றாக நிற்கும் மாட்டை எதற்குக் கொல்ல வேண்டும்?

மாட்டுவைத்தியன்: ஊசி போட்டதும் எதிர்ப்பு சக்தி வந்துவிடாது தம்பி, மூன்று வாரம் போல ஆகும். அதற்குள் நோய் உள்ளே இருந்தும் வெளியே தெரியாத மாடுகள் இருக்கும். கடிக்கிற ஈ அதையும் கடிக்கும், அடுத்த பண்ணை மாட்டையும் கடிக்கும். ஆனாலும் எல்லா இடத்திலும் மொத்தமாகக் கொல்வதுதான் வழி என்று நான் சொல்ல மாட்டேன்.

திரைப்பித்தன்: சரி, விதி கொடூரம்தான். அதை எதிர்த்து டிராக்டரைச் சாலையில் நிறுத்தினால் நானும் கைதட்டுவேன். பியேர் யாரையும் எதிர்க்கவில்லை, ராத்திரியில் தடயத்தை அழிக்கிறான்.

செவலைக்காளை: மறியலுக்கு நாலு பேர் வேண்டும் அண்ணா. கறவைக்கு நடுவில் நண்பர்களோடு ஒரு பொழுது போவதற்கே அவனுக்கு நேரமில்லை. ஒற்றை ஆள் சங்கமா வைக்க முடியும்?