மாத்திரைப் புனலும் என் கடலை விதைக் கூம்பும்

நிலக்கடலை விதையை ஒவ்வொன்றாக விடும் ஒரு கூம்பை எங்கள் லேத் பட்டறையில் செய்து பேட்டன்ட் கேட்டிருந்தேன். பேட்டன்ட் அலுவலகத்திலிருந்து பதிலாக வந்த அறிக்கையில், இது புதிதல்ல என்று காட்ட ஒரு பழைய படம்: மாத்திரையைப் புட்டியில் நிரப்பும் புனல். விதை என்ற சொல்லே அதில் இல்லை. "அது வேற வேலைக்கு, இது வேற வேலைக்குன்னு எழுதிடலாம் மேடம்" என்றேன். எங்கள் பேட்டன்ட் ஏஜென்ட் அப்போதுதான் அமெரிக்காவின் ஷ்ரைபர் வழக்கைச் சொன்னார்.

பாப்கார்னைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும் கூம்பு மூடிக்கு ஷ்ரைபர் என்பவர் பேட்டன்ட் கேட்டார். எதிரே நின்றது எண்ணெய் கேன் மூக்குக்கான ஒரு பழைய சுவிஸ் பேட்டன்ட். அதில் பாப்கார்ன் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் வடிவம் அதேதான். பொரியைப் போட்டால் அதுவும் அப்படித்தானே விடும்? விடாது என்று காட்ட வேண்டியது விண்ணப்பித்தவர் பொறுப்பு, அவரால் முடியவில்லை. 1997இல், அங்கே பேட்டன்ட் மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

சரி, நான் காட்டிவிடுகிறேன் என்று அந்தப் படத்தின் அளவிலேயே ஒரு புனலைக் கடைந்தேன். கடலையைப் போட்டால் ஒவ்வொன்றாகத்தான் விழுந்தது. அன்று ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை. கூம்பின் வடிவத்துக்கு உரிமை கேட்ட அந்தக் கிளெய்மை எடுத்துவிட்டோம். இனி மிச்சம், விதை உடையாமலிருக்கக் கூம்பின் வாயில் நான் வைத்த ஸ்பிரிங் தகடு மட்டும்தான். 'யாருக்கும் தோன்றக்கூடியது' என்று அதற்கும் ஆட்சேபணை வந்திருக்கிறது.

*

அண்ணா, புனலை நீங்களே கடைந்து பார்த்தது பெரிய நேர்மை. தகடு விஷயத்தில் விட்டுவிடாதீர்கள். ஆனால் மிர்சாபூர் பாத்திர வழக்கைப் படித்துவிடுங்கள். பாத்திரத்தை லேத்தில் பிடித்துக் கடையும் அமைப்புக்கு 1951இல் விண்ணப்பித்து வாங்கிய பேட்டன்ட் அது. பழைய முறையில் சின்ன மாற்றம், வெறும் பட்டறை மேம்பாடு என்று 1978இல் உச்ச நீதிமன்றம் ரத்துக்கு வழிவிட்டது.

எனக்கும் ஒரு பம்ப் சீலில் இதே ஆட்சேபணைதான். இரண்டு பழைய படங்களைப் பக்கத்தில் வைத்து, சேர்த்தால் இதுதானே என்றார்கள். செய்து முடித்த பிறகு பார்த்தால் எதுவும் எளிதாகத்தான் தெரியும். அதுதான் எனக்கு ஆற்றாமை. எங்களைக் காப்பாற்றியது ஃபோர்மன் வைத்திருந்த நோட்டு. அந்த இரண்டையும் அவர் முன்பே சேர்த்துப் பார்த்து, ஒழுகியதால் கைவிட்டதைத் தேதியோடு எழுதியிருந்தார். அப்புறம் ஒழுகலை நிறுத்தியது எது என்று காட்டினோம், ஏற்றுக்கொண்டார்கள்.

தகடு வைப்பதற்கு முன்னால் எத்தனை விதை உடைந்தது என்று உங்கள் பட்டறையில் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?