மேற்கே வைத்த கேமரா கிழக்கே பார்த்த கதை

பினாங்கில் எங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் கேமராவை வைத்து, பிற்பகலில் கொடிமலை மேல் கூடும் மேகங்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். அதே காட்சியை லிப்ராட்ரானில் (வளிமண்டலத்தில் ஒளி செல்வதைக் கணக்கிடும் மென்பொருள்) கணக்கிட்டு ஒப்பிட வேண்டும்.

முதல் அடி யூமு (umu) என்ற உள்ளீட்டில் விழுந்தது. பார்வைக் கோணத்தின் கோசைன் அது. வானத்தைப் பார்க்கத்தானே போகிறோம் என்று 0.5 கொடுத்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே எண்! அங்கே நேர்மதிப்பு என்றால் கீழே பார்ப்பது, மேலே பார்க்க -0.5 கொடுக்க வேண்டும். இரண்டு நாளாகத் தரையைப் பார்த்திருக்கிறேன். எல்லாத் திசையிலும் சமமாக ஒளி சிதறும் தரை, அப்புறம் எண் எப்படி மாறும்? (பூஜ்யம் கொடுத்தால் ஏற்காது, அதையும் முயன்று பார்த்தாயிற்று.)

அடுத்தது திசைக்கோணம், இதுதான் பெரிய வினை. ஜூன் கடைசி, மாலை மூன்றரை மணி. திசைகாட்டிக் கணக்கில் (வடக்கு 0, கிழக்கு 90) சூரியன் சுமார் 303 பாகை, கேமரா மேற்கே 270. அப்படியே எழுதினேன். படம் அழகாக வந்தது, சூரியனைச் சுற்றிய வெளிச்சமும் சரியான இடத்தில். ஒரு மாதம் சந்தேகமே வரவில்லை.

மேற்பார்வையாளர் வழியாக, லிப்ராட்ரானோடு ஓடும் மிஸ்டிக் என்ற கணக்கு நிரலின் முப்பரிமாணப் பதிப்பு கிடைத்து மேகத்தைச் சேர்த்ததும் வானம் வெறிச்சோடிக் கிடந்தது. மேகக் கோப்பைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆய்வகத்து அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உன் கேமரா பட்டர்வொர்த்தைப் பார்க்குது" என்றார். பட்டர்வொர்த் எங்களுக்குக் கிழக்கே, கடலுக்கு அக்கரையில் இருக்கும் ஊர்.

லிப்ராட்ரானில் சூரியன் தெற்கே இருந்தால் 0, மேற்கே இருந்தால் 90. கேமராவுக்கோ, அது நிற்கும் பக்கம்தான் கணக்கு: வடக்கே நின்று தெற்கே பார்த்தால் 0, கிழக்கே நின்று மேற்கே பார்த்தால் 90. ஆக நான் எழுதியிருக்க வேண்டியது 123, 90. இரண்டிலும் அதே 180 பாகை பிசகு. வானம் பக்கவாட்டில் எங்கும் ஒரே மாதிரி என்று கொள்ளும் ஒருபரிமாணக் கணக்குக்கு இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மட்டும் போதும், அது 33தான். அதனால் தப்பு வெளியே தெரியாமல் ஒளிந்துகொண்டது.

இப்போதெல்லாம் புதுக் காட்சி என்றால், மேற்கே ஒற்றை மேகத்தை மட்டும் வைத்து முதலில் ஓட்டிப் பார்த்துவிடுகிறேன்.

—

இதைப் படித்துவிட்டுக் கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். அண்ணே, எனக்குத் திசையெல்லாம் சரி, கடிகாரம்தான் கவிழ்த்தது. 1982 முதல் நம் நேரம் உலக நேரத்துக்கு 8 மணி முன்னால். இங்கே சூரியன் உச்சிக்கு வர பெரும்பாலும் ஒரு மணி தாண்டிவிடும். நான் பன்னிரண்டு மணியை உச்சி என்று நம்பிக் கேமராவை நேர்மேலே வைத்து, சூரியன் ஏன் ஓரமாக நிற்கிறது என்று ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.