குட்டிக் கணினியோடு வெளி கிராஃபிக்ஸ் கார்டு: மானிட்டர் கறுப்பாகவே நிற்கிறது

எழுதியவர்: கோத்தகிரி கேமரா

வணக்கம். கோத்தகிரியில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். பெரும்பாலும் படகர் வீட்டுத் திருமணங்கள். நூறு பேர் வெள்ளை உடையில் வட்டமாக ஆடுவார்கள், பின்னால் மஞ்சு, அதற்கும் பின்னால் தேயிலை. கண்ணுக்கு அழகு, கேமராவுக்குத் தலைவலி. வெள்ளை வெளிறிப்போய்த் துணியின் மடிப்பே தெரியாது. ஒவ்வொரு துண்டாக உட்கார்ந்து நிறம் திருத்தினால்தான் மணப்பெண்ணின் பாட்டியிடம் திட்டு வாங்காமல் தப்பிக்கலாம்.

என்னிடம் இருப்பது இன்டெல் என்யூசி என்ற குட்டிக் கணினி, எட்டாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி நினைவகம். டிபன் டப்பா அளவுதான். வீட்டில் மேசை போட இடம் இல்லாததால் அப்போது அதை வாங்கினேன். வீடியோ திருத்தும் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் 4கே காட்சியின் நிறத்தைத் தொட்டால் போதும், படம் திக்கித் திக்கி நகர்கிறது.

போன வாரம் கோயம்புத்தூரில் ஒருவரிடம் கிராஃபிக்ஸ் கார்டைக் கணினிக்கு வெளியே வைத்து இயக்கும் பழைய வெளிப்பெட்டி ஒன்றும் அதற்குள் போட ரேடியான் ஆர்எக்ஸ் 580 கார்டும் (8 ஜிபி) வாங்கினேன். கேபிள் தொலைந்துவிட்டது என்றார். பரவாயில்லை, வீட்டில் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

என்யூசியின் பின்பக்கம் இருக்கும் யூஎஸ்பி சி துளையில் ஒரு முனை, பெட்டியில் மறு முனை. இரண்டு பக்கமும் டக்கென்று உட்கார்கின்றன. ஆனால் பெட்டியில் விளக்குகூட எரியவில்லை. மானிட்டரை கார்டில் செருகினால் கறுப்பு, என்யூசியில் செருகினால் படம் வருகிறது. விண்டோஸ் கார்டு இருப்பதையே ஒப்புக்கொள்ளவில்லை. கார்டு செத்துவிட்டதா? எட்டாயிரம் ரூபாய் போயிற்றா?

எழுதியவர்: குன்னூர் பொறி

அண்ணா, அழ வேண்டாம். அந்தக் கேபிள் கைப்பேசி சார்ஜருடையதுதானே?

துளையின் வடிவம் ஒன்றாக இருப்பதால்தான் இத்தனை குழப்பமும். யூஎஸ்பி சி என்பது வாயின் வடிவம் மட்டும். அதன் வழியே என்ன போகிறது என்பது வேறு விஷயம். உங்கள் என்யூசியின் பின்துளை அருகே சின்ன மின்னல் குறி இருக்கும். அது தண்டர்போல்ட் 3 என்ற அதிவேகப் பாதை, விநாடிக்கு 40 கிகாபிட். வெளிப்பெட்டி கேட்பது அந்தப் பாதையைத்தான். சார்ஜர் கேபிள்கள் பெரும்பாலும் பழைய யூஎஸ்பி 2 வேகத்துக்கான கம்பிகளோடுதான் வருகின்றன. அதாவது 480 மெகாபிட். அதைச் செருகினால் பெட்டி உங்களை ஏறெடுத்தும் பார்க்காது.

கேபிளின் தலையில் மின்னல் குறியும் 3 என்ற எண்ணும் இருக்க வேண்டும். நீளம் அரை மீட்டரே போதும். உள்ளே சமிக்ஞையைப் பெருக்கும் சில்லு இல்லாத சாதாரண வகையில் நீளம் கூடினால் வேகம் 20 கிகாபிட்டுக்கு இறங்கிவிடும். இரண்டு மீட்டரில் முழு வேகம் தரும் கேபிளும் உண்டு, விலை கேட்டால் தலைசுற்றும். பெட்டியை என்யூசிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

கேபிள் வந்ததும் கணினியை அணைத்துவிட்டுச் செருகுங்கள். விண்டோஸ் ஏறியதும் புதிய தண்டர்போல்ட் சாதனத்தை அனுமதிக்கலாமா என்று கேட்கும். "எப்போதும்" என்று பதில் கொடுங்கள். கேட்கவில்லை என்றால் தண்டர்போல்ட் மென்பொருளை நீங்களே திறந்து அனுமதி கொடுங்கள். அதன் பிறகு ரேடியான் கார்டை இயக்கும் மென்பொருளான ஏஎம்டி டிரைவரைப் போடுங்கள்.

எழுதியவர்: ஊட்டி ஓய்வூதியம்

தம்பி, கேட்காமலே ஒன்று சொல்கிறேன். பெரிய கணினியின் தாய்ப்பலகையில் இந்தக் கார்டுக்குத் தரவு போய்வரப் பதினாறு தடம் கிடைக்கும், தண்டர்போல்ட் வழியே நான்குதான். மேட்டுப்பாளையம் வரை அகலமாக வந்த சாலை மலையேறும்போது ஒடுங்குவதுபோல. வீடியோ வேலைக்கு இது பெரிய குறையில்லை, கணினி விளையாட்டு ஆடும் பிள்ளைகளுக்குத்தான் வலிக்கும். இருந்தாலும் இந்தப் பெட்டிக்கும் கேபிளுக்கும் கொடுக்கும் காசில் பழைய பெரிய கணினி ஒன்று வாங்கியிருக்கலாம். வாங்கியாகிவிட்டது, விடுங்கள்.

முக்கியமானது மின்சாரம். உங்கள் யூபிஎஸ் எவ்வளவு? 600 விஏ என்றால் கையில் கிடைப்பது ஏறக்குறைய 360 வாட். அந்தக் கார்டு மட்டுமே 185 வாட் வரை இழுக்கும். என்யூசியின் அடாப்டர் 90 வாட், மானிட்டருக்கு ஒரு 30. எல்லாவற்றையும் ஒன்றாக மாட்டினால் 305 வாட், ஏறக்குறைய எல்லையிலேயே நிற்கும்; மரம் விழுந்து மின்சாரம் போகிற நேரத்தில் யூபிஎஸ் கத்தவும் நேரமில்லாமல் படுத்துவிடும். 1000 விஏக்குக் குறைந்து வைக்காதீர்கள்.

அடுத்தது ஈரம். பெட்டியை ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். இரவெல்லாம் குளிர்ந்து கிடக்கும் உலோகத்தின் மேல், காலையில் அடுப்பும் ஆட்களுமாகச் சூடேறிய வீட்டின் ஈரக்காற்று பட்டால் பனித்துளி படியும். நான் கணினியை எழுப்புவதற்கு முன் கையால் தொட்டுப் பார்ப்பேன். ஈரம் தெரிந்தால் இன்னொரு காபி.

(இங்கே 2,240 மீட்டரில் காற்றின் அடர்த்தியும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி வீசுகிற வீச்சில் பலன் குறையும். ஆனால் ஊட்டிக் குளிர் அதை ஈடுகட்டிவிடுகிறது. சென்னையில் இருக்கும் என் மகனின் கார்டு என்னுடையதைவிட அதிகமாக வியர்க்கிறது.)

எழுதியவர்: கோத்தகிரி கேமரா

கேபிள் வந்துவிட்டது. காந்திபுரத்தில் நண்பன் வாங்கி பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். பொறி தம்பி, வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். செருகியதும் பெட்டியில் விளக்கு, விசிறிச் சத்தம், அனுமதி கேட்கும் சன்னல், எல்லாம் வந்தன. விண்டோஸ் பட்டியலில் ஆர்எக்ஸ் 580 என்று கண்ணாரக் கண்டேன்.

ஆனால் ரிசால்வில் பெரிய மாற்றம் இல்லை. முன்பு முக்கி நகர்ந்தது, இப்போது முனகி நகர்கிறது. மானிட்டர் எச்டிஎம்ஐ கேபிளை மறுபடியும் என்யூசியில் மாட்டியிருக்கிறேன், கறுப்புத் திரையின் பயம் இன்னும் போகவில்லை.

எழுதியவர்: குன்னூர் பொறி

அந்தப் பயத்தில்தான் தப்பு. மானிட்டரை என்யூசியில் மாட்டினால், கார்டு தயாரித்த ஒவ்வொரு படமும் அதே ஒற்றைக் கேபிளில் திரும்பி வந்து என்யூசி வழியாகத் திரைக்குப் போக வேண்டும். காட்சி மேலே போகிற பாதையிலேயே படமும் கீழே இறங்குகிறது. கொண்டை ஊசி வளைவில் இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

மானிட்டரை கார்டின் பின்புறத் துளையிலேயே மாட்டுங்கள். டிஸ்ப்ளே போர்ட் இருந்தால் அதில். எச்டிஎம்ஐ என்றால் கேபிள் பழையதா என்று பாருங்கள்; 4கே மானிட்டர் எச்டிஎம்ஐ 1.4 தரத்தில் 30 ஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு 30 படம்) மேல் போகாது, சுட்டி இழுத்தாலே நடுங்கும்.

ரிசால்வின் விருப்பங்களில் நினைவகமும் ஜிபியுவும் (கிராஃபிக்ஸ் சில்லு) இருக்கும் பக்கத்துக்குப் போய், தானியங்கித் தேர்வை எடுத்துவிட்டு, ரேடியானை மட்டும் குறியிடுங்கள். பாதி நேரம் ரிசால்வ் என்யூசிக்குள் இருக்கும் இன்டெல் கிராஃபிக்ஸையே பிடித்துக்கொண்டு தொங்கும்.

ஒரு எச்சரிக்கை. வேலை நடக்கும்போது கேபிளைப் பிடுங்காதீர்கள், தெரியாமல் காலில் இடறினாலும் விண்டோஸ் செயலிழந்து நீலத் திரைதான். என் இயந்திரத்தில் கணினி எழும்போது முதலில் வரும் பயாஸ் என்ற அமைப்புப் பக்கம் கார்டு வழியாக வராது, விண்டோஸ் ஏறிய பிறகுதான் படம் வரும். அதற்காக ஒரு பழைய எச்டிஎம்ஐ கேபிளை என்யூசியின் பின்னால் தொங்கவிட்டிருக்கிறேன்.

எழுதியவர்: கோத்தகிரி கேமரா

கார்டில் மாட்டினேன். கணினியை எழுப்பியதும் திரை கறுத்து நின்ற அரை நிமிடத்தில் எனக்கு நாலு முறை மூச்சு நின்றது. பிறகு விண்டோஸ் வந்தது.

ரிசால்வில் ரேடியானைக் குறியிட்டதும் கதையே வேறு. பேரகணியில் எடுத்த ஒரு ஆட்டக் காட்சி, மூன்று அடுக்கு நிறத் திருத்தத்தோடு தடங்கலில்லாமல் ஓடுகிறது. வெள்ளைத் துணியின் மடிப்பு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. நாற்பது நிமிடப் படம் ஒன்றை ஏற்றுமதி செய்ய முன்பு இரவு முழுக்க விட்டுவிட்டுத் தூங்குவேன், நேற்று சாப்பாட்டை முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. (சாப்பாட்டுக்கு நடுவில் தங்கை வீட்டுக் கதையும் இருந்தது, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவும்.)

பெட்டி இப்போது ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம், புத்தக அலமாரியில். யூபிஎஸ் மட்டும் இன்னும் மாற்றவில்லை. இன்று காலை அரவேணு பக்கம் மரம் விழுந்து மின்சாரம் போனபோது பீப் என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. ஊட்டி ஐயா, சிரிக்கக் கூடாது.

எழுதியவர்: ஊட்டி ஓய்வூதியம்

சிரிக்கவில்லை. சேமித்துவைத்தீர்களா?

எழுதியவர்: கோத்தகிரி கேமரா

இல்லை ஐயா.