ஞாயிறு காலை, மணி மாறிய பிறகு

நம்ம வீடு (குடும்பக் குழு)
26 அக்டோபர் 2025

அம்மா (பகல் 12.14): கண்ணு, ரெண்டு தடவை கூப்பிட்டுவிட்டேன். எடுக்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பெரியப்பா: தூங்குவான், விடும்மா.

நான் (1.20): தூங்கித்தான் போனேன். இங்கே ஜெர்மனியில் விடிகாலை 3 மணிக்குக் கடிகாரத்தை 2-க்குத் திருப்பிவிட்டார்கள். நேற்றுவரை உங்களுக்கு 12 என்றால் எனக்கு 8.30. இனி மார்ச் கடைசி ஞாயிறு வரை 7.30.

அப்பா: தூங்குவதற்கு அரசாங்கமே ஒரு மணி நேரம் கொடுக்கிறதா!

சித்தி: கண்ணா, பாப்பாவும் ஜெர்மனியில் படிக்கட்டும் என்று முடிவு. லோன் கேட்கப் போகிறோம். ஆறு மாத இன்டர்ன்ஷிப்பிலேயே பாதியை அடைத்துவிடலாம் என்கிறார் ஏஜென்ட். நீ இப்போது அதில்தானே இருக்கிறாய்?

பெரியப்பா: மாதம் ரெண்டு லட்சம் வருமா?

நான்: அதில் கால்வாசிகூட இல்லை, பெரியப்பா. 450 யூரோ.

அம்மா: என்னிடம் சொல்லவே இல்லையே.

நான்: சொன்னால் என்ன சாப்பிடுகிறாய் என்று தினம் போட்டோ கேட்பீர்கள்.

நான்: சித்தி, நான் ஏமாந்த இடத்தைச் சொல்கிறேன். போன வருஷம் பார்ட் டைமில் மணிக்கு 13 யூரோ வாங்கினேன். அதையே வாரம் 40 மணி நேரத்தால் பெருக்கி, பெரிய ரூமுக்கு மாறலாம் என்றுகூடத் திட்டம் போட்டேன். ஒப்பந்தத்தில் 'ஃப்ளிஷ்ட்பிராக்டிகும்' என்று ஒரு வார்த்தை. பாடத்திட்டத்திலேயே கட்டாயமாக இருக்கும் பயிற்சி என்று அர்த்தம். குறைந்தபட்சக் கூலி இந்த வருஷம் மணிக்கு 12.82 யூரோ. ஆனால் கட்டாயப் பயிற்சிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஒன்றுமே தராவிட்டாலும் தப்பில்லை. கையெழுத்துப் போட்ட பிறகுதான் இதெல்லாம் தெரிந்தது.

பாப்பா: அண்ணா, கட்டாயம் இல்லாமல் நானாகப் போய்ச் சேர்ந்தால்?

நான்: 3 மாதத்துக்கு மேல் என்றால் அந்தக் கூலி உண்டு. அதனாலேயே பல கம்பெனிகள், கட்டாயம்தான் என்று காலேஜில் லெட்டர் வாங்கி வரச் சொல்லும். அது போக, நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து வந்து படிப்பவர்களுக்கு வருஷத்துக்கு 140 முழு நாள்தான் வேலை செய்ய அனுமதி. நீயாகச் சேர்வது அதில் கழியும்.

சித்தி: விசாவுக்காக முதலிலேயே போட்டு வைக்கும் அந்த பிளாக்டு அக்கவுண்ட் பணம் இருக்கிறதே?

நான்: 11,904 யூரோ. மாதம் 992 என்று நம் காசே நமக்குத் திரும்பி வருவது, சித்தி. ரூம் 360, இன்சூரன்ஸ் 140-க்கு மேல். விசா நீட்டிக்கும்போது அடுத்த வருஷச் செலவுக்கும் பணம் இருக்கிறதா என்று மறுபடி கேட்பார்கள். அந்த ரெண்டாம் வருஷத்தை ஏஜென்ட் சொன்னாரா?

சித்தி: இல்லையே.

அப்பா: அவர் நம்பரை எனக்கு அனுப்பு.

பெரியப்பா: சரி, வேலையாவது கற்றுத் தருகிறார்களா?

நான்: அதில் குறையே இல்லை. பம்பின் அதிர்வை அளக்கிறோம். சென்சார் ஒட்டவே முதல் வாரம் போனது. இம்மி சாய்ந்தாலும் பிய்த்துச் சுரண்டி, மறுபடி ஒட்டச் சொல்வார்கள். ஆறு தடவை ஒட்டினேன்.

அம்மா: முறுக்கு வந்ததா?

நான்: தீபாவளியன்றே ஆபீசுக்குக் கொண்டுபோனேன். ஊசி விழுந்தால் கேட்கும் ஹால் அது. நான் கடித்த கடியில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் கையில் எடுத்துவிட்டு, எள் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றதும் டப்பாவில் வைத்துவிட்டார். அலர்ஜியாம். மற்றவர்கள் காலி செய்துவிட்டார்கள்.

அம்மா: அடுத்த தடவை அவருக்கு எள் போடாமல் தனியாகச் சுடுகிறேன்.

அம்மா: பாட்டி கேட்கிறார்கள், நாளைக்குச் சூரசம்ஹாரமாம், அங்கே கோயில் உண்டா என்று.

நான்: நான் இருக்கும் டார்ட்மண்டிலிருந்து ரயிலில் ஹாம் என்ற ஊருக்குப் போய், பஸ் பிடித்தால் காமாட்சி அம்பாள் கோயில். இலங்கைத் தமிழர்கள் கட்டியது, 2002-இல் கும்பாபிஷேகம். சுற்றிலும் தொழிற்பேட்டை, நடுவில் நம்மூர்க் கோபுரம். போன தடவை ஒரு அம்மா, "தம்பி, எவடம்?" என்றார்கள். எந்த ஊர் என்று கேட்கிறார்கள் எனப் புரியவே ஒரு நிமிடம் ஆனது. பொள்ளாச்சி என்றேன். அது அவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் வடை கொடுத்தார்கள். இன்றைக்கும் கிளம்புகிறேன் பாட்டி.

அம்மா: குடை எடுத்துக்கொள்.

சித்தி (2.35): ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டோம். வீட்டில் யாரும் பேசவில்லை.

அப்பா: நாலு தடவை அடித்துவிட்டேன். ஏஜென்ட் எடுக்கவில்லை.

பெரியப்பா: அவருக்கும் மணி மாறியிருக்கும்.