ஆகஸ்ட் லீவில் மகளுக்கு வேஷம் போட்ட தேநீர் விருந்து, யோசனை சொல்லுங்கோ

முற்றத்துமல்லிகை:
வணக்கம் எல்லாருக்கும். மகளுக்கு ஏழு வயது முடிகிறது. மண்டபம் எடுக்கிற எண்ணம் இல்லை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழே, பின்னேரம் நாலு மணிக்குப் பன்னிரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு தேநீர் விருந்து, வருகிறவர்கள் எல்லாரும் ராணி, டொக்டர், புலவர் என்று வேஷத்தோடு வரவேண்டும் என்பது மகளின் கட்டளை. எனக்கு மூன்று தலையிடி. ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு மெய்யான தேத்தண்ணி கொடுக்கலாமா? நல்லூர்த் திருவிழா நடக்கிற நேரம், வருகிற பிள்ளைகளில் பாதிப் பேரின் வீட்டில் மீன், இறைச்சி, ஒரு மச்சமும் இல்லை, சிலர் முட்டையும் தொடமாட்டார்கள், அப்ப கேக்கை என்ன செய்வது? அப்புறம் அண்ணாவின் மகன்கள் இரண்டு பேர், ஒன்பதும் பத்தும், வேஷம் என்றால் வரவே மாட்டோம் என்று இப்பவே சொல்லிவிட்டார்கள்.

சீனிஅரியதரம்:
தங்கச்சி, முதலில் ஒன்று சொல்கிறேன், அழைப்பில் "வேஷத்தோடு வரவும்" என்று எழுதாதீங்கோ. போன வருஷம் என் மகனின் வகுப்புப் பிள்ளை ஒருவரின் பிறந்தநாளுக்கு அப்படித்தான் கேட்டார்கள், நானும் வினோத உடைப் போட்டிக்கு எடுக்கிற மாதிரி ஒரு கடையில் ராஜா உடுப்பு வாடகைக்கு எடுத்தேன். பளபளவென்று சரிகை, உள்ளே லைனிங்கூட இல்லை. அந்த வெயிலில் அரைமணி நேரத்தில் கழுத்தெல்லாம் சிவந்து, பிள்ளை உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு பெனியனோடு கேக் சாப்பிட்டான். வாடகைக் காசை நினைத்து நான் அழாத குறை.

வாடகை கொடுக்க வசதியில்லாத வீடுகளும் இருக்கும், அவர்கள் வெட்கத்தில் "காய்ச்சல்" என்று சொல்லிப் பிள்ளையை அனுப்பாமல் விட்டுவிடுவார்கள். வேஷத்தை உங்கள் வீட்டிலேயே வையுங்கோ. ஒரு பெரிய ட்ரங்குப் பெட்டியில் அம்மம்மாவின் பழைய சேலை, அப்பாவின் சால்வை, ஓட்டைத் தொப்பி, கண்ணாடி இல்லாத மூக்குக்கண்ணாடி ஃபிரேம், வளையல், ரை என்று நிரப்பி விறாந்தையில் வைத்துவிட்டால் வெளிக்கிடுகிறதே முதல் அரைமணி விளையாட்டு. பக்கத்தில் ஒரு நிலைக்கண்ணாடி கட்டாயம் வேணும். ஊசி குத்துகிற வேலை வேண்டாம், சேலையை நாலு முழமாக வெட்டி இடுப்பில் ரிப்பனால் கட்டிவிட்டால் போதும், தடக்கி விழவும் மாட்டார்கள்.

பிளேன்ரீ_பிரியை:
தேத்தண்ணி பற்றி: பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு உடல் நிறை கிலோ ஒன்றுக்கு 3 மில்லிகிராம் கஃபீனுக்கு மேல் வேண்டாம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. 20 கிலோப் பிள்ளைக்கு அது 60. ஒரு கப் தேத்தண்ணியிலேயே நாற்பது, ஐம்பது வந்துவிடும், பின்னேரம் குடித்தால் இரவு அம்மாமார்தான் முழித்திருக்க வேணும்.

நான் சங்குப்பூவைத்தான் சொல்வேன். வேலியில் படர்கிற அதே நீலச் சங்குப்பூ, கஃபீனே இல்லை. பச்சைக் காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு இதழை மட்டும் எடுங்கோ, விதை பேதிக்குப் போகும். ஒரு லீற்றர் கொதித்த தண்ணீருக்கு இருபது பூ, பத்து நிமிஷம் மூடிவைத்து வடித்தால் கடல் நீலம். தனியே சுவை ஒன்றும் இல்லை, சீனியும் ஒரு ஏலக்காயும் போடுங்கோ. நன்றாக ஆறவிட்டு ஊற்றி, ஒவ்வொரு பிள்ளை கையிலும் அரைத் தேசிக்காய் கொடுத்துப் பிழியச் சொல்லுங்கோ, நீலம் ஊதாவாக மாறும், இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பு. புளிப்புக்கு அந்தப் பூவின் நிறப்பொருள் மாறுகிறது, அவ்வளவுதான் மந்திரம். சங்கீதக் கதிரை எல்லாம் இதற்குப் பிறகு எடுபடாது.

சீனிஅரியதரம்:
கேக்கை மறந்துபோனேன். ரின்பால் கேக் போடுங்கோ, அதுதான் சீனி சேர்ந்த கட்டிப்பால், முட்டை தேவையில்லை. 400 கிராம் ரின்பாலுக்கு 225 கிராம் மா, 100 கிராம் பட்டர், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா, 150 மில்லிலீற்றர் தண்ணீர். கலந்தவுடன் அவணில் வைத்துவிடுங்கோ, நின்றால் எழும்பாது. மிச்சத்துக்கு மரக்கறி றோல்ஸ், பயற்றம்பணியாரம், கரட்டும் பீற்றூட்டும் துருவி வைத்த கலர் சான்ட்விச். வெட்டின பாணை ஈரத்துணியால் மூடுங்கோ. கச்சான் (நிலக்கடலை) ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று முதலே தாய்மாரிடம் கேளுங்கோ.

சாவகச்சேரியான்:
இங்கிலாந்தில் 1840 அளவில் பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா இரவுச் சாப்பாடு வரும்வரை பசி தாங்காமல் தொடங்கினதாகச் சொல்வார்கள் இந்தப் பின்னேரத் தேநீரை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் நாலு மணித் தேத்தண்ணி, சீமாட்டி ஒருவரும் தேவைப்படவில்லை. நிற்க, ஆகஸ்டில் சோளகக் காற்று. பேப்பர் கப், பேப்பர் விரிப்பு எல்லாம் பக்கத்து வளவுக்குப் போகும். மேசைத் துணியின் நாலு மூலையிலும் கல்லைக் கட்டுங்கோ.

முற்றத்துமல்லிகை:
எல்லாருக்கும் நன்றி. பேப்பர் கப் வேண்டாம் என்றால் அம்மம்மாவின் பித்தளை மூக்குப்பேணி, அந்த மூக்கு வைத்த குவளை, எட்டு இருக்கிறது, புளி போட்டு மினுக்கிவிட்டேன். அதில் சங்குப்பூவை ஊற்றலாமா?

பிளேன்ரீ_பிரியை:
தேசிக்காய் சேர்கிறதால் வேண்டாம். புளிப்புக்குப் பித்தளையிலிருந்து செம்பு இறங்கும், பிள்ளைகளுக்கு வயிற்றைப் பிரட்டும். நிறம் மாறுவதைப் பார்க்கிறதென்றாலும் கண்ணாடிக் கிளாஸ்தான் சரி. பேணியில் தண்ணீரை ஊற்றி, வாயில் படாமல் அண்ணாந்து குடிக்கிற போட்டி வையுங்கோ, எல்லார் உடுப்பும் நனையும், அந்த வெயிலுக்கு நல்லது.

முற்றத்துமல்லிகை:
இதை வாசித்துக் காட்டினேன். அண்ணாவின் பெரியவன் பேணித் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு போவானாம், வேஷம் இல்லையாம், மீசை மட்டும் வைக்கலாமாம். சின்னவனுக்கும் மீசை வேணுமாம், அண்ணனுடையதைவிடப் பெரிசாக.