புதுப்பிப்பு: தாத்தாவின் கேசட் இப்போது தெளிவாகக் கேட்கிறது

நான் பிறக்கும் முன்பே இறந்துபோன தாத்தா பேசிய ஒரே கேசட்டில் முணுமுணுப்பு மட்டும் வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"உள்ளே பஞ்சு இருக்கிறதா பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி. நாடாவை ஹெட்டோடு (பிளேயரில் நாடாவைப் படிக்கும் பாகம்) அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு, பசை காய்ந்து உதிர்ந்து கிடந்தது. ஸ்க்ரூ போட்ட வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் இரண்டு சுருளையும் மாற்றினேன். நாடாவைச் சூடாக்கும் யோசனை தேவைப்படவில்லை; அது சில பழைய ரீல் நாடாக்களின் பிசுபிசுப்புக்கான வைத்தியம்.

எதிர்பாராதது குரல்தான். எனக்குத் தெரிந்த தாத்தா, படத்தில் பெரிய மீசையோடு முறைப்பவர். கேட்டதோ மெல்லிய, அவசரக் குரல். அப்பாவே "இது அவர் இல்லை" என்றார். கணினியில் ஏற்றிப் பார்த்தால், பதிவில் இருந்த மின்சார இரைச்சல் 54 ஹெர்ட்ஸ். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதாவது பதிவு வேகமாக ஓடுகிறது. வேறு கேசட்டுகள் சரியான வேகத்தில் ஓடுவதால், அன்றைய ரெக்கார்டர்தான் மெதுவாக ஓடியிருக்க வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே 7.4 சதவீதம் குறைத்தேன்.

குரல் இறங்கியது, ஆனாலும் கனமாகவில்லை. மென்மையாகப் பேசுகிறார், பேச்சுக்கு நடுவே சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில்தான் அப்பா அடையாளம் கண்டார். எனக்கோ அந்தப் படமே வேறு முகமாகிவிட்டது.

அப்புறம், இதைச் செய்பவர்கள் புதுக் கூட்டின் பின்விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தாவல்களை (tabs) முதலிலேயே உடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால், தவறி ரெக்கார்ட் பட்டன் அழுந்தினால் குரல் அழிந்துவிடும்.