குன்றின் மேல் குருசடி: இடித்துக் கட்டுவதா, காப்பதா?

தேவகோட்டையான்:
எங்கள் ஊர்ப் பாறைமேட்டுக் குருசடியில், அதாவது சிலுவை நட்ட சிறு வழிபாட்டிடத்தில், நான்கு பேர் நின்றால் ஐந்தாமவர் வெளியேதான். அதை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் பெரிய ஆலயம் எழுப்ப ஊரில் பேச்சு நடக்கிறது. நான் ஆதரிக்கிறேன். தவக்கால வெள்ளிக்கிழமைகளில், இயேசுவின் பாடுகளை நினைக்கும் சிலுவைப் பாதையின் 14 நிலைகளையும் கடந்து ஏறிவரும் வயதான பெண்கள் பங்குனி வெயிலில் வாடுகிறார்கள். சிமெண்ட் பூசியும் சுவர் பொரிந்து உதிர்கிறது.

கண்மாய்க்கரை:
சிமெண்ட் பூசியதால்தான் உதிர்கிறது, அண்ணே! செம்புராங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுந்த பழஞ்சுவர் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். மேலே சிமெண்ட் அடைத்துக்கொண்டால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சைத் தள்ளிவிடும். அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்றும் இருக்கிறார்கள். வெயிலுக்கு ஓலைப் பந்தல், சரிவுக்குக் கைப்பிடிக் கம்பி போதும். இயேசு சிலுவையில் அறையப்பட்ட கல்வாரிக் குன்றை நினைத்துத்தானே மேட்டில் சிலுவை நடுகிறோம்? சிலுவைப் பாதையன்று மேடு முழுவதும் கோயில்தான்.

குன்றக்குடிப் பெண்:
நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் அப்பத்தா காலத்திலிருந்து எங்கள் பக்கத்துச் சிலுவையடியில் உப்பும் மிளகும் போடுகிறோம், பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறோம். கதவு வைத்துப் பூட்டினால் எங்களைப் போன்றவர்கள் எங்கே நிற்பது?

தேவகோட்டையான்:
சகோதரி, உங்களை யாரும் விரட்டவில்லை. ஆனால் எனக்கு உறுத்துவதும் அதுவே. ஐயனாருக்கு நேர்ந்துகொள்வதுபோல் சிலுவைக்கும் நேர்ந்துகொண்டு போய்விடுகிறார்கள். ஆலயம் இருந்தால் திருப்பலி நடக்கும், பிள்ளைகள் மறைக்கல்வி கற்பார்கள்.

கண்மாய்க்கரை:
அருளானந்தர் என்று நம் மக்கள் அழைக்கும் போர்ச்சுகல் நாட்டுக் குரு ஜான் டி பிரிட்டோ காவி உடுத்தி, புலால் மறுத்து, பண்டாரசாமியாக வாழ்ந்தவர். 1693இல் ராமநாதபுரம் பக்கத்து ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்தார். 1947இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் இரத்தத்தால் சிவந்தது என்று நம்பி ஓரியூர்ச் செம்மண்ணை அள்ளிச் செல்கிறவர்கள் கிறித்தவர்கள் மட்டுமா? இந்த மண்ணின் வழக்கத்தோடு சேர்ந்துதான் நம் விசுவாசம் இங்கே வேர்விட்டது. மறைக்கல்விக்கு அடிவாரத்தில் கூடம் கட்டுங்கள், என் பங்கும் தருகிறேன். மேட்டில் கைவைக்காதீர்கள்.

தேவகோட்டையான்:
அடிவாரம் கண்மாய்ப் புறம்போக்கு, அங்கே கட்ட முடியாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள், சுவரைப் பார்க்கட்டும். ஆலயம் வேண்டும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை.